பம்பு அறைக்குத் தைத்த சாக்கு

1994 நவம்பர் 20, ஞாயிறு
வட்டக்கச்சி

மூன்று நாளாக மழை. வாய்க்கால் நிரம்பி முற்றம் வரை வந்துவிட்டது. தயாளினி தன் பழைய கொப்பிகளில் எழுதாமல் கிடந்த தாள்களைச் சேர்த்துத் தைத்து எனக்கு ஒரு கொப்பி செய்து தந்திருக்கிறாள். "மனசுக்குள்ள வைச்சுக் கொதிக்காமல் இதில எழுதுங்கோ அம்மா, வீட்டில சத்தம் குறையும்" என்கிறாள். முன்பள்ளியில் படிப்பிக்கப் போனதிலிருந்து என்னையும் தன் பிள்ளைகளில் ஒன்றாகச் சேர்த்துவிட்டாள்.

சரி, எழுதுகிறேன். என் புருசன் மாயாண்டிக்கு ஐப்பசியிலிருந்து இருமல். கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்தார்கள். கிருமி இல்லையாம். நெஞ்சைப் படம் எடுக்கலாம் என்றால் மெசின் இருக்கிறது, படத்தாள் இல்லை. ஆமிக்காரர் பாதையைப் பூட்டிவைத்துக்கொண்டு எதைத்தான் இங்கே வர விடுகிறார்கள்? "காசமாத்தான் இருக்கும்" என்று குளிசை தந்து அனுப்பிவிட்டார்கள்.

இருமினாலும் வாய் ஓயவில்லை. பக்கத்து வளவு வடிவம்மா வெற்றிலை கேட்டு வந்தாள். பிடித்துக் கதிரையில் இருத்திச் சுரங்கக் கதையைத் தொடங்கிவிட்டார். நூறாவது தடவையாக இருக்கும். "காரீயச் சுரங்கம்னா என்னான்னு தெரியுமா வடிவம்மாக்கா? பென்சில் குச்சி செய்யுற கரி. அறுபது பாகம், முன்னூத்தறுபது அடி ஆழத்துல எனக்குன்னு ஒரு ரூம்பு. இந்தா இருக்காளே, இவ தைச்சுக் குடுத்த சாக்காலதான் நான் இன்னைக்கு உசுரோட இருக்கேன்." வடிவம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் குசினிக்குள் போய்விட்டேன். ஆனால் காது இங்கேதான் இருந்தது. பொய் சொல்வானேன், அந்தக் கதை எனக்கும் பிடிக்கும்.

நவம்பர் 21

நேற்று விட்ட கதையை நானே எழுதுகிறேன். அவர் சொன்னால் பாதி தன் வீரம்.

அறுபத்து மூன்றாம் ஆண்டு. கலியாணம் முடித்து மூன்று வருடம். அவர் கல் உடைக்கும் முகப்பில் வேலை. மேலே வரும்போது கண்ணும் பல்லும்தான் தெரியும், மிச்சமெல்லாம் காரீயம் பூசிய பானை. துப்பினால் கறுப்பு. தூசி இறங்க வேண்டுமென்று எல்லாரும் செய்வதுபோல வாழைப்பழமும் கித்துள் கருப்பட்டியும் கொடுத்துப் பார்த்தேன். இருமல் நிற்கவில்லை. முகப்பில் வேலை செய்த இரண்டு பேர் அந்த வருடமே நெஞ்சு அடைத்துப் போனார்கள்.

நான் சுரங்க ஒப்பீசுக்குப் போனேன். மூன்று நாள் காலையில் வாசலில் நின்றேன். கணக்கப்பிள்ளை துரத்தத் துரத்த நின்றேன். "இவரைத் தூசி இல்லாத இடத்துல போடுங்க, இல்லாட்டி நான் இங்கேயே அடுப்பு மூட்டுவேன்" என்றேன். நான்காம் நாள் பம்பு அறை கிடைத்தது.

அடியில், சுரங்கம் முடிகிற மூலையில், பாறையைக் குடைந்து செய்த அறை. சுற்றிலும் தண்ணீர் கசியும். அதை மேலே இறைக்காவிட்டால் சுரங்கம் மூழ்கிவிடும். அங்கே தூசி இல்லை, வெடி இல்லை. ஆனால் முகப்பில் வெடி வைத்த பிறகு பாதை வழியாகக் கரித்தூள் புகுந்து வருமாம். அதற்கும் விட்டேனா? நாலு சாக்கைப் பிரித்து, இரண்டு மடிப்பாகத் தைத்து, வாசலுக்கு அளவாகத் திரை செய்து கொடுத்தேன். நனைத்துத் தொங்கவிட்டால் ஒரு துகள் உள்ளே வராது.

ஆறு மாதத்தில் இருமல் நின்றது. உடம்பு தேறினார். பதினாலு வருடம் அந்த அறையில் இருந்தார்.

டிசம்பர் 11

இரண்டு சாரம், ஒரு சேட்டு தோய்த்தேன். அவருடைய சேட்டுக் கழுத்து பெருத்துவிட்டதா, கழுத்து சிறுத்துவிட்டதா?

1995 ஜனவரி 12

சண்டை நிறுத்தமாம். சந்தையில் எல்லார் முகத்திலும் எண்ணெய் தடவினமாதிரி ஒரு தெளிவு. தபாலும் வந்தது. இரஞ்சிதத்திடமிருந்து ஒரு கடிதம், செப்டெம்பரில் போட்டது.

கடிதம் வந்தால் அவர்தான் உடைப்பார். அவர்தான் சத்தமாக வாசிப்பார். நான் பதில் எழுதினால் அடியில் மூன்று விரல் இடம் விட வேண்டும், அவர் தன் பங்குக்கு ஒரு வரி எழுதுவார். தச்சன் உளி மாதிரி மூலை மூலையான எழுத்து. இந்தச் சட்டத்தை மீறி இந்த வீட்டிலிருந்து ஒரு தபால் போனதில்லை.

இரஞ்சிதத்தின் புருசன் பொன்னையாவும் இவரும் ஒரே பம்பு, ஒரு ஆள் பகல், ஒரு ஆள் இரவு, வாரத்துக்கு வாரம் மாற்றிக்கொள்வார்கள். எழுபத்தேழுக் கலவரத்தில் தொழிலாளர் லயத்துக்கு நெருப்பு வைத்தபோது நாங்கள் லொறி ஏறி வன்னிக்கு வந்தோம். அவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

அவர் வாசித்துக்கொண்டு வந்தார், வாசித்துக்கொண்டு வந்தவர் நிறுத்திவிட்டார். பொன்னையா போன சித்திரையில் போய்விட்டாராம். இரண்டு வருடம் இருமி, குரல் அடைத்து, கடைசியில் எலும்பும் தோலுமாக. மிச்சத்தை நான் வாங்கி வாசித்தேன். "இப்ப மகன் சஜீவன்தான் அப்பாவோட எடத்துல பம்புக்கு நிக்கிறான். நீங்க காட்டிக் குடுத்த மாதிரியே அவனுக்கும் சாக்கு தைச்சுக் குடுக்கிறேன் அக்கா. இப்ப எல்லா பம்பு ரூம்புக்கும் அதுதான் வழக்கம்."

அவர் அழவில்லை. "பாத்தியா, ஒன் சாக்கு இன்னும் தொங்குது" என்றார். பிறகு இருமினார்.

ஜனவரி 15

பொங்கல். நன்றாகப் பொங்கியது.

சாப்பிட்டுவிட்டு இருவரும் பழைய கதை. சாக்கில் எழுத்துப் போட்ட கதை. அவர் பள்ளிக்கூடம் போகாதவர். நான் தோட்டப் பள்ளியில் ஐந்தாவது வரை. ஈரத்தில் சாக்கு இரண்டு மாதத்தில் உக்கிப்போகும், புதிது தைக்க வேண்டும். முதல் சாக்கின் மூலையில் சிவப்பு நூலால் விளையாட்டாக ஒரு 'அ' போட்டேன். தண்ணீர் இறங்கும்வரை சும்மா இருக்கிற நேரத்தில், காபைட் விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்துப் பார்த்து காரீயத்துண்டால் பாறையில் கீறினாராம். அடுத்த சாக்கில் நாலு எழுத்து. அப்படியே வளர்ந்து சொல், வரி. சாக்கில் நூல் வளையாது, மூலை மூலையாகத்தான் வரும். அதனால்தான் இன்றைக்கும் அவர் எழுத்து அப்படி.

ஒருமுறை பெரிய சண்டை. அந்தமுறைச் சாக்கில் 'வாயை மூடு' என்று தைத்துக் கொடுத்தேன். இரண்டு மாதம் அதன் கீழேயே இருந்து சோறு தின்றிருக்கிறார். "கங்காணி வந்து வாசிச்சிட்டு, தன்னைத்தான் சொல்றேன்னு நெனைச்சு பேசாம போயிட்டாரு" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், கையில் ரத்தம்.

பெப்ரவரி 19

குரலும் அடைத்துவிட்டது. பொன்னையாவுக்கும் இப்படித்தான் என்று இரஞ்சிதம் எழுதியிருந்தாள். நான் அதைச் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. கடிதத்தை மட்டும் மடித்து மடித்து வைக்கிறார்.

தயாளினி ஒற்றைக்காலில் நிற்கிறாள். "இப்ப பாதை திறந்து கிடக்கு. கொழும்புக்குக் கொண்டு போங்கோ. நான் பாஸ் எடுத்துத் தாறன்."

மார்ச் 7
கொழும்பு

தாண்டிக்குளத்தில் ஆமிச் சோதனைக்கு ஒரு நாள் வெயிலில் நின்றோம். வவுனியாவில் ரயில். ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். இங்கே படத்தாள் இருக்கிறது.

டொக்டர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, முப்பத்தைந்து வயது இருக்கும். என் புருசனை இரத்தம் எடுக்க அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார். வலப்பக்கச் சுவாசப்பையில் புற்று. வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது.

"உங்கட மனுசன் சிகரெட் பத்துறவரோ அம்மா?"

"இல்லைங்க ஐயா. வெத்தில மட்டும்."

"என்ன வேலை செய்தவர்?"

சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். தூசி முகப்பிலிருந்து நான் போராடி மாற்றியதை, பம்பு அறையை, பதினாலு வருடத்தை. "அங்க சுத்தமா தூசியே இல்லைங்க."

"தூசி இல்லை, சரி. காத்து?"

"காத்தும் வராதுங்க. நான்தான் சாக்கு தைச்சுக் குடுத்தேன்."

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மறக்கக் கூடாது.

"நிலத்துக்குக் கீழ பாறைக்குள்ள இருந்து ஒரு வாயு வரும் அம்மா. ரேடோன் எண்டு பேர். நிறமில்லை, மணமில்லை. வெளியில வந்தால் காத்தோட கலந்து போயிடும், பயமில்லை. அடைச்ச இடத்தில, அதுவும் தண்ணி கசியிற இடத்தில, அது சேர்ந்துகொண்டே இருக்கும். வருசக்கணக்கா அதைச் சுவாசிச்சால் சுவாசப்பைப் புற்று வாற ஆபத்துக் கூட. வேற நாடுகளில சுரங்கத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில கணக்கெடுத்துப் பாத்திருக்கினம். எவ்வளவு காலம் உள்ளுக்க இருந்தினமோ, அவ்வளவுக்கு ஆபத்தும் கூட. புகை பத்துறவைக்கு இன்னும் மோசம்."

"அப்ப நான் தைச்ச சாக்கு...?"

"உங்கட சுரங்கத்தை ஆரும் அளந்ததாக எனக்குத் தெரியாது. இதாலதான் வந்தது எண்டு சத்தியம் பண்ண என்னால ஏலாது, அம்மா. நீங்கள் தூசியில இருந்து காப்பாத்தத்தானே பாத்தனீங்கள். அந்தத் தூசியும் கெட்டதுதான். ஆனால் இப்பவும் அங்க ஆரும் வேலை செய்தால், அந்தத் திரையை எடுக்கச் சொல்லுங்கோ. புதுக்காத்து உள்ளுக்க ஓட வேணும்."

இரத்தம் கொடுத்துவிட்டு அவர் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு வந்தார். "என்னா சொன்னாரு?" "மருந்து தாறாராம்" என்றேன்.

மார்ச் 8

நான் தைத்தேன். நான் நனைத்துத் தொங்கவிடச் சொன்னேன். ஒரு துகள் உள்ள வராதுன்னு சொன்னேன். ஐயோ, எதைத் தடுத்தேன் நான்? எதை உள்ள வச்சுத் தைச்சேன்?

மார்ச் 17
வட்டக்கச்சி

கதிர் வைத்தியத்துக்கு ஆறு கிழமை நிற்கச் சொன்னார்கள். நோவு குறையும், நோய் மாறாது என்றார்கள். அவர் மாட்டேன் என்றுவிட்டார். "பாதை பூட்டுறதுக்குள்ள வீட்டுக்குப் போவோம் புள்ள." தனக்கு என்ன என்று தெரிந்துதான் பேசுகிறார். எதனால் என்றுதான் தெரியாது.

ரயிலில் பக்கத்துச் சீட்டுக்காரருக்குப் பம்பு அறைக் கதை சொன்னார், காற்றில்லாத குரலில். "இவதான் என்னைய காப்பாத்துனா." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இரஞ்சிதத்துக்கு எழுத வேண்டும். இன்றே.

ஏப்ரல் 2

எழுதவில்லை. எப்படி எழுதுவேன்? எழுதினால் அவர் கேட்பார், அடியில் தன் வரியை எழுதக் கேட்பார். மூன்று தடவை தொடங்கினேன். மூன்று தடவையும் "யாருக்கு? இரஞ்சிதத்துக்கா? குடு, எடம் விட்டியா?" என்று கை நீட்டிவிட்டார். சுகம் விசாரித்து நாலு வரி மாற்றி எழுதி, பிறகு கிழித்துப்போட்டேன்.

தயாளினியிடம் சொல்லி எழுதுவிக்கலாம். ஆனால் இரஞ்சிதம் சும்மா இருப்பாளா? பதில் போடுவாள். அதை உடைப்பது யார்?

அவருக்கு மிச்சம் இருப்பது அந்த ஒரு கதைதான். அதைப் பிடுங்கிவிட்டு எதைக் கையில் கொடுக்க?

அங்கே சஜீவன். இருபத்து நாலு வயது. அவன் பிறந்தபோது வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டினவள் நான். ஒவ்வொரு நாளும் அந்தச் சாக்குக்குப் பின்னால் இருக்கிறான். நான் நாள் கடத்துகிறேன்.

ஏப்ரல் 21

சண்டை திரும்பத் தொடங்கிவிட்டதாம். சைக்கிளைக் கவிழ்த்து டைனமோ சுற்றித்தான் ரேடியோவில் செய்தி கேட்டோம். பாதை பூட்டினால் தபால் எப்போது போகும்?

எழுது, எழுது என்று மனசு அடிக்கிறது. கை வரவில்லை. சீ, என்ன பொம்பிளை நான். ஒப்பீசு வாசலில் அடுப்பு மூட்டுவேன் என்றவள்.

மே 14

சோளகக் காற்று தொடங்கிவிட்டது. புழுதி வீட்டுக்குள் அள்ளிக் கொட்டுகிறது. அவர் இருமி இருமிச் சுருண்டு போகிறார். மத்தியானம் சொன்னார்: "வாசலுக்கு ஒரு சாக்கு தைச்சுப் போடேன் புள்ள. பழையபடி. தூசி வராம."

நான் கத்திவிட்டேன். "சாக்கும் வேணாம் மண்ணும் வேணாம்! இனி என் வாழ்நாள்ல சாக்குல ஊசி வைக்க மாட்டேன்!" கையிலிருந்த சுளகை எறிந்தேன். அரிசி முற்றமெல்லாம். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அரிசியைப் பொறுக்கினேன். பொறுக்கிக்கொண்டே அழுதேன்.

மே 16

இந்தக் கொப்பியை அலுமாரியில் என் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். இன்றைக்கு எடுத்தால், மே 14க்குக் கீழே, மூலை மூலையான எழுத்து.

"லெச்சுமி. நீ கெணத்தடிக்குப் போன நேரம் எல்லாம் வாசிச்சிட்டேன். ரெண்டு நாள் எடுத்திச்சி. ஒன் எழுத்து சின்னது. வாசிக்க நீதான் சொல்லிக் குடுத்த, அதனால கோவப்படாத. முகப்புல நின்ன ஆளுங்க அப்பவே போயிட்டாங்க. எனக்கு இன்னும் முப்பது வருசம் கெடைச்சிச்சி. அதுவும் ஒன் சாக்குதான். இதுவும் ஒன் சாக்கா இருக்கலாம். ரெண்டும் நெசம். நம்ம ரெண்டு பேருக்கும் தெரியல. அந்தப் பயலுக்குத் தெரியணும். காயிதம் நான் எழுதுறேன். நீ எடம் விட வேணாம், நான் ஒனக்கு எடம் விடுறேன். வாசலுக்குச் சாக்கு தைச்சுப் போடு. சன்னலைத் தொறந்து வை."

எத்தனை தடவை வாசித்தேன் தெரியாது. வெளியே வந்து பார்த்தால் கதிரையில் இருந்து வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், ஒன்றும் தெரியாத பிள்ளைபோல. "கள்ளன்" என்றேன். "ஓம்" என்றார். பதினெட்டு வருடம் வன்னியில் இருந்தும் 'ஆமா'வை விடாதவர் சொன்ன முதல் ஓம். மகளைப் பார்த்து நக்கலுக்குப் பழகியிருக்கிறார்.

மே 21

நாலு நாள் எழுதினார். ஒரு நேரத்தில் ஐந்து வரிக்கு மேல் கை ஓடவில்லை. டொக்டர் சொன்னதை என் கொப்பியைப் பார்த்து ஒரு சொல் விடாமல் எடுத்து எழுதினார். பிறகு தன் சொந்தத்தில்: "சஜீவன் தம்பி, நானும் ஒங்கப்பாவும் தூசிக்குத்தான் பயந்தோம். கண்ணுக்குத் தெரிஞ்சது அதுதான். சாக்கைக் கழட்டு. கதவு இருந்தா கதவையும் கழட்டு. சோத்தை மேல வந்து தின்னு. காத்துக் குழாய் போடச் சொல்லி எல்லாருமா சேந்து கேளுங்க. ஒத்த ஆளா கேக்காத. ஒங்க பெரியம்மா ஒத்தையா நின்னுதான் எனக்கு இந்த எடத்தை வாங்குனா, அவளுக்கு இருந்த வாய் ஒனக்கு இல்ல."

அடியில் சரியாக மூன்று விரல் இடம் விட்டிருந்தார். நான் எழுதினேன்: "இரஞ்சிதம், நான் காட்டித் தந்தது பிழை. என்னை மன்னித்துக்கொள்." ஒரு வரிக்கு மேல் முடியவில்லை. தயாளினி செஞ்சிலுவைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

மே 25

வாசலுக்குச் சாக்கு தைத்தேன். எழுத்துப் போடவா என்றேன். "பழையபடி மொதல்ல இருந்து" என்றார். சிவப்பு நூல் இல்லை, தயாளினியின் பழைய பாவாடைக் கரையிலிருந்து உருவினேன். மூலையில் ஒரு 'அ'.

ஜன்னல் திறந்திருக்கிறது. காற்று ஓடுகிறது. கொஞ்சம் புழுதியும் வரத்தான் செய்கிறது.

ஜூலை 3

காலை ஏழு மணிக்கு. கதிரையில். நான் தேத்தண்ணீர் ஆற்றிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 19

வடிவம்மா வந்து சுரங்கக் கதை சொல்லச் சொல்கிறாள். அவளுக்கு முழுக்கத் தெரியும், இருந்தாலும் கேட்கிறாள். சொன்னேன். 'வாயை மூடு' வந்த இடத்தில் அவள்தான் முதலில் சிரித்தாள்.

ஒக்டோபர் 8, ஞாயிறு

இரஞ்சிதத்தின் கடிதம் வந்தது. ஒரு மணிநேரம் மேசையில் வைத்துவிட்டு வீடு கூட்டினேன், ஆட்டுக்குக் குழை போட்டேன். தயாளினி "அம்மா, உடையுங்கோவன்" என்றாள். நான்தான் உடைத்தேன்.

அவருடைய காயிதத்தைச் சஜீவன் சுரங்க வாசலில் நின்று எல்லாருக்கும் வாசித்தானாம். சிங்களப் பெடியன்களுக்கு ஒருவன் மொழி மாற்றிச் சொன்னானாம். மூன்று நாள் ஒருவரும் இறங்கவில்லையாம். இப்போது அடி மட்டம் வரை காற்றுக் குழாய் இழுத்து மேலே ஒரு பெரிய விசிறி வைத்திருக்கிறார்கள். "சாக்கெல்லாம் கழட்டியாச்சு அக்கா. எறிய மனசு வரல. கோழிக்கூட்டுக்குக் கட்டிட்டேன். நீங்க எதுக்கு மன்னிப்புக் கேக்குறீங்க? நம்ம எல்லாருந்தானே தைச்சோம். அண்ணனுக்கு இப்ப எப்படி இருக்கு? அவரு எழுத்தைப் பாத்து சஜீவன், இது அச்சு எழுத்தான்னு கேட்டான்."

நான் போட்ட தந்தி போய்ச் சேரவில்லைபோல.

பின்னேரம் இருந்து பதில் எழுதினேன். அவர் போன செய்தி, தேதி, நோவில்லாமல் போனது, வாசல் சாக்கு இன்னும் தொங்குவது எல்லாம் எழுதினேன். சஜீவனை ஒவ்வொரு வருடமும் நெஞ்சுப் படம் எடுக்கச் சொன்னேன். தாளின் அடிக்கு வரமுன்னர் மூன்று விரல் இடம் விட்டு நிறுத்தினேன். கை தன்பாட்டில் நிறுத்தியது. இன்னும் எழுத இருந்தது. புதுத் தாள் எடுத்து எழுதினேன்.